டீச்சர் வீட்டு நண்டு

ஐஸ் பெட்டியை இறக்கி, ஆளை உள்ளே வைத்துக் கண்ணாடியை மூடியதும் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். டீச்சர் மீட்டரைப் பார்த்தார். பெட்டியின் கால்மாட்டில் பச்சை எழுத்தில் எண் ஓடுகிற சின்ன மீட்டர் அது. உள்ளே கிடந்தவர் அவருடைய வீட்டுக்காரர். சுற்றிப் பொம்பளைகள் அழுதுகொண்டிருக்க, முந்தானையை இடுப்பில் செருகிக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எத்தன டிகிரியில நிக்கும் தம்பி?"

"ரெண்டு, மூணுல நிக்கும் டீச்சர்."

"நிக்குமா, ஏறி எறங்குமா?"

இத்தனை வருஷத் தொழிலில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கம்ப்ரசர் ஓடும்போது இறங்கும், நின்றால் கொஞ்சம் ஏறும் என்றேன். பின்னாலிருந்த ஒரு அம்மா, "புருசன் கெடக்கான், டிகிரி கேட்டுக்கிட்டு நிக்கிறா பாரு" என்று காதுபடவே சொன்னது. டீச்சர் கோபப்படவில்லை. திரும்பி நின்று விளக்கம் சொன்னார்.

"மகன் பம்பாயிலருந்து வந்து சேர நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும்க்கா. அவன் வந்து பாக்கையில அப்பா மொகம் கெட்டுப் போயிருக்கக் கூடாதுல்ல. அதுக்குத்தான் கேட்டேன்."

மறுநாள் சாயங்காலம் மகன் வந்து பார்த்தான். முகம் கெடவில்லை. அந்த வகையில் டீச்சருக்கு என்மேல் ஒரு மதிப்பு.

என் தொழிலைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் டீச்சரைப் புரியாது. பசுமலைப் பக்கம் சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன் நான். என் வேனைப் பார்த்தால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைக்கூட உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு வாடகை கேட்டு வருகிறவர்களே பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பழகிவிட்டது. எழவு வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன். கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்ல மாட்டேன். இது நானாக வைத்துக்கொண்டது இல்லை. எங்கள் பக்கத்தில் துட்டி கேட்க, சாவு விசாரிக்கப் போன யாருமே சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வாரேன் என்றால் இதே காரியத்துக்கு இன்னொரு தடவை வருகிறேன் என்று ஆகிவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். என்னைப்போல வாரத்துக்கு நாலு எழவு வீடு பார்க்கிறவனுக்கு, சொல்லிக்கொள்ளாமல் போவதே சுபாவமாகிவிட்டது. கல்யாண வீட்டிலிருந்தும் அப்படியே எழுந்து வந்து என் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் மத்தியான வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் கடைக்கு நடந்தே வந்தார். மிஷன் ஸ்கூலில் உயிரியல் எடுத்து ரிட்டயரானவர். பேசும்போது வார்த்தை வார்த்தையாகப் பிரித்துத்தான் பேசுவார், கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல.

"தம்பி, ஒரு பெட்டி வேணும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "யாருக்கு டீச்சர்?"

"யாருக்கும் இல்ல. ஒரு நண்டுக்கு."

வெயிலில் டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காராமலே சொன்னார். மகன் இப்போது மீன்பிடிக் கப்பலில் வேலை பார்க்கிறான். தென் துருவத்துக்குப் பக்கத்துக் கடல். அங்கே வெளிச்சமே போகாத ஆழத்தில், உறைகிற தண்ணீரில், ராஜநண்டு என்று ஒரு சாதி இருக்கிறது. இரும்புக் கூண்டை இறக்கிப் பிடிப்பார்கள். அதில் ஒன்றை உறையவைத்து, தெர்மாகோல் பெட்டியில் கட்டி, லீவில் வந்த ஒரு தூத்துக்குடிக்காரப் பையனிடம் அம்மாவுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். வீட்டு ஃப்ரிட்ஜில் அது நுழையவில்லை. இப்போதைக்கு பஸ் ஸ்டாப் ஐஸ்கிரீம் கடையில் வைத்திருக்கிறார், ஆனால் குச்சி ஐஸ் எடுக்க வருகிற பிள்ளைகள் பயந்து அலறுகிறார்கள் என்று கடைக்காரன் சண்டைக்கு வருகிறான்.

"காலை மட்டும் ஒடிச்சு வச்சா ஃப்ரிட்ஜுலயே வச்சிரலாமே டீச்சர்."

"ஒடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்" என்று போனை எடுத்து, மகன் பேசி அனுப்பியிருந்ததைப் போட்டுக் காட்டினார். பின்னால் இரைச்சல், காற்றா இயந்திரமா தெரியவில்லை. அதற்கு மேல் கத்திப் பேசுகிறான். "ம்மா, காலை ஒடிச்சிராத. அதுக்கு ஒரு மொற இருக்கு. கிறிஸ்மஸுக்கு வாரேன்ல, நானே ஒடிக்கிறேன். மிளகு மட்டும் போட்டு வறட்டி ரெண்டு பேரும் சேந்து திம்போம். இனிப்பா இருக்கும்மா. தேங்காப்பால ஊத்திக் கெடுத்துராத."

என்னிடம் ஒரு பழைய பெட்டி சும்மா கிடந்தது. கண்ணாடியில் ஓரமாகக் கீறல் விழுந்துவிட்டதால் எழவுக்கு அனுப்ப முடியாது. முகம் பார்க்கிற கண்ணாடியில் கீறல் இருந்தால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏசி மெக்கானிக் ஒருவன் என் கூட்டாளி, அவனை நான் மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். அவன் உட்கார்ந்து தெர்மோஸ்டாட்டை மாற்றி, பெட்டியை மீன் கம்பெனிப் பெட்டிபோல் உறையவைக்கிற அளவுக்குக் கொண்டுவந்தான். "மனுசனுக்கு இம்புட்டுக் குளிர் வேணாம் மாப்ள, நண்டுக்குத்தான் கேக்குது" என்றான்.

பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினோம். அங்கேதான் ஒரு கூத்து நடந்தது. டீச்சர் வீட்டு வாசலில் என் வேன் நின்றால் தெரு என்ன நினைக்கும்? ஹாலில் பெட்டியை வைத்து, நண்டைப் படுக்கவைத்து, பிளக்கைச் செருகி நிமிர்கிறேன், எதிர்வீட்டுப் பெரியவர் கையில் ரோஜா மாலையோடு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வருகிறார். பின்னால் இன்னும் மூன்று பேர். பெரியவர் நேராகப் பெட்டிக்கு வந்து மாலையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் உள்ளே பார்த்தார். பக்கத்தில் டீச்சர் உயிரோடு நிற்பதையும் பார்த்தார்.

"டீச்சர், நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சார். உக்காருங்க, டீ போடுறேன்."

"அப்ப இது யாரு?"

"ராஜநண்டு சார். மகன் குடுத்து விட்டுருக்கான்."

பெரியவருக்கு மாலையை என்ன செய்வது என்று தெரியவில்லை. டீச்சரே வாங்கி வீட்டுக்காரர் படத்துக்குப் போட்டார். வாங்கினது வீணாகவில்லை என்று பெரியவருக்கும் திருப்தி. சிரித்தால் தப்பாகிவிடுமே என்று மாப்ள பிளக்கைச் சரிபார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்குத்தான் நான் அந்த நண்டை நன்றாகப் பார்த்தேன். உடம்பு ஒரு தாம்பாளம் அளவு. செங்கல் நிறம். ஓடெல்லாம் முள், காலெல்லாம் முள், தொட்டால் விரலைக் கிழிக்கும். காலை நீட்டினால் ஒரு சின்னப் பிள்ளை படுத்திருக்கிற நீளம் வரும். நான் கண்மாயில் நண்டு பிடித்து வளர்ந்தவன். காலை எண்ணிப் பார்த்தேன், கணக்கு உதைத்தது.

"டீச்சர், கொடுக்கோட சேத்து எட்டுத்தான் இருக்கு. பத்துல்ல இருக்கணும்? வார வழியில ரெண்டு ஒடஞ்சு விழுந்துருச்சு போல."

டீச்சர் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"ஒடையல தம்பி. கடைசி ஜோடி உள்ள இருக்கு. ரொம்பச் சின்னது, ஓட்டுக்குள்ள மடிச்சு வச்சிருக்கும். செவுளச் சுத்தம் பண்றதுக்கு, பொட்ட நண்டா இருந்தா முட்டையத் தொடச்சு விடுறதுக்கு. வெளிய தெரியல, அம்புட்டுத்தான். தெரியலங்கிறதுனால இல்லன்னு ஆயிராது."

டீ வந்தது. எழவு வீடு இல்லையே என்று நானும் குடித்தேன். குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பேசாமல் கிளம்பிவிட்டேன். வேனில் ஏறப்போகையில் டீச்சர் கேட் வரைக்கும் வந்துவிட்டார்.

"தம்பி, சொல்லிட்டுப் போங்க."

"என்ன டீச்சர்?"

"இது எழவு வீடு இல்ல. சொல்லிட்டுப் போங்க."

"வாரேன் டீச்சர்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. "வாங்க" என்று கேட்டைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு மாசத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பார்க்கப் போவேன். டீச்சர் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு சரியான சொல் உண்டு. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றால், "மேகம் இருக்கு, மழை வருமான்னு தெரியாது" என்பார். உடம்பு எப்படி டீச்சர் என்றால், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம் இல்லையா, "வலது முட்டி மட்டும் வலிக்குது" என்பார். தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததைத் தெரியாது என்பார். நடுவில் சும்மா ஆறுதலுக்கு ஒரு வார்த்தை, அது அவரிடம் கிடையாது. சில சமயம் எனக்கு எரிச்சலாகவே இருக்கும். மனுஷருக்குக் கொஞ்சம் பொய்யும் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம் இருக்கும்போது பெட்டி பார்க்கப் போனேன். வாசலெல்லாம் செருப்பு. செருப்பைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன், இது எந்தக் கூட்டம் என்று. படியிலேயே நின்றேன். டீச்சரே வாசலுக்கு வந்து, வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் சொன்னார்.

"கப்பல் கம்பெனியிலருந்து பேசுனாங்க தம்பி. முந்தாநாள் பெரிய காத்தாம். அவன் மேல் தளத்துல இருந்திருக்கான். காத்து நின்னப்பறம் ஆள எண்ணிப் பாத்தா இவன் இல்லையாம். தேடிக்கிட்டு இருக்காங்க."

எத்தனையோ சாவைப் பார்த்தவன், அந்த இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிய பையன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஹாலில் கூட்டம் உட்கார்ந்திருந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். துட்டிக்கு வந்த பொம்பளைகள் பெட்டியைச் சுற்றித்தான் உட்காருவார்கள், அதுதான் பழக்கம். இங்கே ஆள் இல்லை, ஆனால் பெட்டி இருக்கிறது. யாரும் யோசிக்கவில்லை, அப்படியே அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அக்கா கண்ணாடியில் தலையைச் சாய்த்து, "என்னப் பெத்த ராசா" என்று ஆரம்பித்து, உள்ளே பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தது. டீச்சர் சொன்னார், "அதுல சாயாதீங்க, கீறல் விழுந்த கண்ணாடி."

நான் கம்ப்ரசரைப் பார்த்துவிட்டு எழுந்தேன். இந்தத் தடவை தெரிந்தேதான் பேசாமல் வெளியேறினேன். வாசப்படி இறங்கவில்லை, உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, சொல்லிட்டுப் போங்க." அத்தனை தலையும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் என்ன செய்ய? "வாரேன் டீச்சர்" என்றேன். எனக்குப் பின்னால் எழுந்த ஒவ்வொருவரையும் அப்படித்தான் சொல்லவைத்தாராம். சிலபேர் சொல்ல மாட்டேன் என்று நின்றுவிட்டார்களாம். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும், "வாரேன்மா, நாளைக்கும் வாரேன், நாளைக்கழிச்சும் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பிறகு தேடுவதை நிறுத்திவிட்டதாகக் கம்பெனியிலிருந்து சொன்னார்கள். கிறிஸ்துமஸ் வந்து போனது. டீச்சர் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை, கறுப்பும் கட்டவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் கண்ணாடியைத் தூக்கி, நண்டின் ஓட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மீட்டரை நம்பாமல் இல்லை, இருந்தாலும் வைப்பார். கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போகும். எடுத்து முந்தானையில் துடைத்துக்கொள்வார். உள்ளங்கையில் முள் குத்தின தடம் சிவப்புச் சிவப்பாக இருக்கும், அதை அவர் கவனித்ததுபோலத் தெரியவில்லை.

ஒருதடவை சும்மா கேட்டுவைத்தேன். "அந்தக் கடல்ல, அம்புட்டுக் குளிர்ல இது எப்படி டீச்சர் உசுரோட கெடக்கும்?"

"ரத்தத்துல ஒரு உப்பு இருக்கு தம்பி. குளிர் கூடக் கூட அந்த உப்பே மயக்க மருந்து மாதிரி வேல செய்யும். மத்த நண்டெல்லாம் அங்க அசைய முடியாமச் செத்துப்போகும். இது கொஞ்சம் தாங்கும்."

"அப்ப வலி தெரியாதா?"

"மரத்துப் போயித்தான் இருக்கும். ஆனா நடக்கும். மெதுவா நடக்கும்."

டீச்சர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பெட்டியைப் பார்த்தும் சொல்லவில்லை. நான் கம்ப்ரசர் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

உசிலம்பட்டியிலிருந்து அவருடைய கொழுந்தனார் அடிக்கடி வருவார். வந்தால் ஒரே பேச்சுத்தான். மாசி மாசம் ஒருநாள் நான் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணி, ஒரு ஜெபக்கூட்டமாவது வச்சிருவோம். கல்லறைத் தோட்டத்துல அண்ணன் பக்கத்துல பேரு பொறிச்சு ஒரு கல்லு. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"கெடைக்கலன்னுதான் சொல்லியிருக்காங்க. செத்துட்டான்னு யாரும் சொல்லல."

"அந்தத் தண்ணியில ஒரு மனுசன் எம்புட்டு நேரம் அண்ணி இருக்க முடியும்? நீங்க படிச்சவங்க."

"தெரியும். எம்புட்டு நேரம்னு எனக்குத் தெரியும்."

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. நண்ட மருந்துல போட்டு பாட்டில்ல வைங்கன்னேன், அதுக்கும் மாட்டேங்குறாங்க. கரண்டு பில்லக் கட்டிக்கிட்டு, எழவுப் பெட்டிய நடுவீட்டுல வச்சிக்கிட்டு."

"மருந்துல போட்டா அது ஸ்பெசிமன் ஆயிரும்" என்றார் டீச்சர். "ஸ்கூல்ல நூறு ஸ்பெசிமன் வச்சிருந்தேன். இது சமைக்கிறதுக்கு வந்தது. அவன் வந்து ஒடிப்பான், சேந்து திம்போம்னு சொல்லியிருக்கான்."

கொழுந்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய உருவம், மீசைக்காரர். "நாந்தாண்ணே அவனுக்குக் கெணத்துல நீச்சல் பழக்கிக் குடுத்தேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். டீச்சர் பக்கத்தில் போய் நின்றார். தோளைத் தொடக் கையை நீட்டினார், தொடவில்லை. "டீ குடிச்சியா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு டீச்சர்மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன். "அந்தம்மா கேட்ட மாதிரி கேக்குறதுக்குக்கூட ஆளில்லாத வீடு எத்தனையோ இருக்கு, பேசாமச் சாப்புடுங்க" என்றாள்.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் கோடை மழை. மழை கொஞ்சம், காற்றுத்தான் பிசாசுக் காற்று. மரமும் கம்பமும் சாய்ந்து தெற்குப் பக்கம் முழுக்க கரண்ட் போய்விட்டது. காலையிலும் வரவில்லை. நான் விடிந்ததும் எழுமலைக்குப் போயிருந்தேன், ஒரு அம்மா இறந்துவிட்டது. அங்கேயும் கரண்ட் இல்லாததால் பெட்டியோடு ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போனேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், இன்னொன்று ரிப்பேரில் கிடந்தது. பெட்டியைப் பந்தலில் வைத்து ஜெனரேட்டரை ஓடவிட்டு நிமிர்ந்தபோது டீச்சர் போன்.

"தம்பி, நேத்துச் சாயங்காலத்துலருந்து கரண்ட் இல்ல. மீட்டர் செத்துப் போச்சு. தொட்டுப் பாத்தேன், ஓடு இன்னும் கெட்டியாத்தான் இருக்கு, கால் நுனி எளகுது. ஜெனரேட்டர் வேணும்."

அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஐஸ் கம்பெனிக்கு அங்கிருந்தே போன் அடித்தேன், கரண்ட் இல்லாமல் அவர்களிடமே ஐஸ் கட்டவில்லை. திரும்ப டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், நான் எழுமலையில நிக்கிறேன். ஜெனரேட்டர் இங்க ஓடுது. ஒரு அம்மா தவறிப்போச்சு."

"எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

"நாளைக்குக் காலையிலதான் டீச்சர். மகன் துபாயிலருந்து வரணும். நீங்க சொல்லுங்க, நான் இவுக கால்ல விழுந்தாச்சும் நாலு மணி நேரம் ஜெனரேட்டரக் கழட்டிக்கிட்டு வாரேன்."

சொன்னேனே தவிர, சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்தில் அந்த அம்மா முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நண்டுக்காகப் பிணத்திடமிருந்து கரண்டைப் பிடுங்கினேன் என்று தெரிந்தால் எழுமலையில் என்னை வேனோடு கொளுத்திவிடுவார்கள். ஆனால் டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றியிருப்பேன். சத்தியமாகக் கழற்றியிருப்பேன்.

போனை வைத்துவிட்டாரா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"வேணாம் தம்பி. அங்கயே ஓடட்டும்."

"டீச்சர்..."

"அந்தப் புள்ள வந்து அம்மா மொகத்தப் பாக்கணும்ல. ஏறி எறங்காமப் பாத்துக்கங்க."

மறுநாள் துபாயிலிருந்து பிள்ளை வந்தான், பார்த்தான், எடுத்தார்கள். முகம் கெடவில்லை. ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு, மாப்ளயையும் கூட்டிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்கு விட்டேன். அவர் வேண்டாம் என்றாலும் மனசு கேட்கவில்லை.

கேட்டைத் திறக்கும்போதே மிளகு வாடை. பூண்டு வறுபட்ட வாடை. ஹாலில் பெட்டியின் பிளக் பிடுங்கிச் சுருட்டிவைத்திருந்தது. உள்ளே துடைத்துச் சுத்தமாக இருந்தது. டீச்சர் அடுப்படியில் இருந்தார். கொழுந்தனாரும் எதிர்வீட்டுப் பெரியவரும் தரையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்க தம்பி. அந்தத் தம்பியையும் உக்காரச் சொல்லுங்க. நேத்து மத்தியானம் முழுசா எளகிருச்சு. உடனே வேகவச்சுட்டேன். கரண்ட் ராத்திரி வந்துச்சு, ஃப்ரிட்ஜுல வச்சிருந்து இப்பத்தான் வறட்டுனேன்."

"காலை யாரு டீச்சர் ஒடிச்சா?"

"நாந்தான். மொற தெரியல. சுத்தியல வச்சு ஒடச்சேன்."

அவருடைய கையெல்லாம் கீறல். ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் ரெண்டு துணுக்கு, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளையாக, முள்ளில்லாமல், நுனியில் தூரிகைபோல மயிரோடு.

"நீங்க கேட்டீங்கள்ல, ரெண்டு கால் கொறையுதுன்னு. உள்ள இருந்துச்சு. பாருங்க."

பார்த்தேன். மாப்ளயும் பார்த்தான்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவரும் ஒரு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சதை, ஓரத்தில் சிவப்பு, மேலே மிளகு. டீச்சர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இனிப்பாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உப்பு பத்தல" என்றார். கொழுந்தனார் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து அண்ணி இலையோரத்தில் வைத்தார். நானும் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. இலையில் வைத்ததில் ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் டீச்சர் அந்த வீட்டைக் காலிசெய்து உசிலம்பட்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் இன்னொரு கல் இருக்கிறது, வேறு வேலையாகப் போகும்போது பார்த்திருக்கிறேன். டீச்சரை நான் மறுபடி பார்க்கவில்லை.

நண்டு சாப்பிட்ட அன்றைக்குப் பெட்டியை நானும் மாப்ளயும் தூக்கி வேனில் ஏற்றினோம். பெட்டி இருந்த இடத்தில் தரை வெளுத்து, சதுரமாகத் தெரிந்தது. டீச்சர் துணியை நனைத்து வந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை மாசத்தில் எனக்குப் பழக்கிவிட்டது அவர்தானே, வாசலில் நின்று சொன்னேன்.

"வாரேன் டீச்சர்."

துடைப்பதை நிறுத்தினார். நிமிரவில்லை.

"சொல்லாமப் போங்க, தம்பி."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.